நெருப்பைச் சுமந்த நகரம்

பிரான்சின் வடகோடியில், பெல்ஜிய எல்லையை ஒட்டிய நகரம் லீல். அங்குள்ள நுண்கலை அருங்காட்சியகத்தில் கைக்கு அடக்கமான ஒரு தூபக்கலசம் இருக்கிறது. உயரம் ஏறக்குறைய 16 சென்டிமீட்டர். செம்புக் கலவையில் வார்த்துப் பொன்முலாம் பூசியது. 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், மியூஸ் ஆற்றங்கரைப் பட்டறைகளில் பிறந்தது. மேலும் கீழுமாகப் பொருந்திய இரண்டு அரைக்கோளங்கள். அவற்றின் பரப்பு முழுக்கக் கொடிகளும் கொடிகளுக்குள் சுருண்ட விலங்குகளுமாகத் துளைவேலை. மூடியின் உச்சியில் மூன்று இளைஞர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நடுவே, சற்று உயரத்தில், ஒரு வானதூதர்.

அந்த மூவர் யார் என்பதைப் பெயர் பொறித்தே சொல்லியிருக்கிறார்கள்: அனனியா, அசரியா, மிசாவேல். விவிலியத்தின் தானியேல் நூலில், பொற்சிலையை வணங்க மறுத்ததற்காகப் பாபிலோன் மன்னன் நெபுகத்னேசர் எரியும் சூளைக்குள் வீசச் சொன்ன இளைஞர்கள். வானதூதர் சூளைக்குள் இறங்கி, ஈரக்காற்று வீசும் இடம்போல அதன் நடுவைக் குளிரவைத்தார்; மூவரும் தீக்குள் நின்று இறைவனைப் புகழ்ந்து பாடினார்கள் என்பது கதை. இப்போது அந்தக் கலசத்துக்குள் என்ன இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கனன்று சிவந்த கரி. அந்த இளைஞர்கள் மெய்யான நெருப்பின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். வழிபாட்டின்போது அவர்களைச் சுற்றிப் புகை எழும், காலடியில் உலோகம் தொட முடியாதபடி சுடும், ஆனாலும் அவர்கள் அசையாமல் இருப்பார்கள். கதையை உருவமாகச் செய்து ஒட்டியதோடு கொல்லர் விட்டுவிடவில்லை. ஒவ்வொரு திருப்பலியிலும் அது மறுபடி நடக்கும்படி செய்துவிட்டார்.

கலசத்தின் விளிம்பைச் சுற்றி ஒரு லத்தீன் வாசகம் ஓடுகிறது. ரெய்னர் என்பவர் அதில் தன்மையில் பேசுகிறார். இந்தக் கலசத்தைத் தருகிறேன், நான் இறக்கும்போது எனக்காக மன்றாடுங்கள், உங்கள் மன்றாட்டே கிறிஸ்துவை நோக்கி எழும் தூபம் என்பது அதன் சாரம். ரெய்னர் அதைச் செய்தவரா, செய்வித்துக் கொடுத்தவரா என்பதில் அறிஞர்களிடையே இரு கருத்து உண்டு. எப்படியானாலும் பெயர் பொறித்ததன் நோக்கம் புகழல்ல. கலசத்தைக் கையில் எடுப்பவருக்கு ஒரு கடனை நினைவூட்டுவது.

இடைக்காலத் தேவாலயப் பாத்திரங்களைப் பற்றி எழுதும்போது வேலைப்பாட்டை ஓர் அத்தியாயத்திலும் குறியீட்டை இன்னோர் அத்தியாயத்திலும் வைப்பது வழக்கமாகிவிட்டது. தூபக்கலசம் அந்தப் பிரிவினைக்கு இடம் கொடுப்பதில்லை. நெருப்புக்கும் காற்றுக்கும் எடைக்கும் கொல்லர் எந்தத் தீர்வைக் கண்டாரோ, அதுவே அங்கு இறையியல் பொருளாகவும் நிற்கிறது. இதைத்தான் இங்கே காட்ட விரும்புகிறேன்.

திருப்பலியில் பீடத்துக்கும் நற்செய்தி ஏட்டுக்கும் காணிக்கைகளுக்கும் தூபம் காட்டுவார்கள். அடக்கச் சடங்கில் இறந்தவரின் உடலுக்கும் காட்டுவார்கள். தூபம் என்பது இறைமக்களின் மன்றாட்டு என்ற எண்ணம் திருப்பாடலிலும் திருவெளிப்பாட்டு நூலிலும் வேரூன்றியது. அது சமயம். பட்டறைக்காரரின் கவலை வேறு. காற்று போதாவிட்டால் கரி அணைந்துவிடும். காற்று மிஞ்சினால் குந்திரிக்கம் மணப்பதற்கு முன்பே தீப்பிடித்துக் கருகும். ஆகவே மூடி வேண்டும், மூடியில் துளைகளும் வேண்டும். சங்கிலியைப் பிடித்து ஆட்டுகையில் பொறி தெறிக்கக்கூடாது. மூடி சங்கிலியில் நேராக ஏறி நேராக இறங்க வேண்டும். நீண்ட சடங்கில் வீசுபவரின் கை தளராத அளவுக்கு எடை குறைவாக இருக்க வேண்டும். ஆட்டத்தில் தடுமாறாத அளவுக்குக் கனமும் வேண்டும்.

இந்தக் கவலைகளையெல்லாம் உள்ளிருந்து எழுதிய ஒருவர் நமக்குக் கிடைத்திருப்பது பெரும்பேறு. 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜெர்மானிய நிலத்தில் வாழ்ந்த துறவி அவர். தியோபிலஸ் என்ற புனைபெயரில், பல்வேறு கைவினைகள் குறித்து லத்தீனில் ஒரு நூல் எழுதினார். முதல் பாகம் ஓவியம், இரண்டாவது கண்ணாடி, மூன்றாவது உலோகம். மூன்றாவதுதான் மிகப் பெரியது. அதை எழுதிய கை உலையருகே பழகிய கை என்பது வரிக்கு வரி தெரிகிறது. 1774இல் ஜெர்மன் எழுத்தாளர் லெஸ்ஸிங், தாம் நூலகராக இருந்த வோல்ஃபன்பூட்டல் நூலகத்துப் படியைக் கொண்டு இந்நூலை அறிவுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். புனைபெயருக்குப் பின்னால் இருப்பவர் ஹெல்மார்ஸ்ஹௌசன் மடத்துப் பொற்கொல்லர் ரோகர் என்பது நெடுநாளைய கருத்து. ஒரு பழைய படியில் அந்தப் பெயர் குறிக்கப்பட்டிருக்கிறது. ரோகர் பாடர்போர்ன் ஆயருக்கு ஒரு பேழை செய்து தந்ததை 1100ஆம் ஆண்டுச் சாசனம் ஒன்று சொல்கிறது. வலுவான ஊகம்தான், தீர்ந்த முடிவல்ல.

மூன்றாம் பாகத்தின் முன்னுரையில் அவர் தூய ஆவியின் ஏழு கொடைகளை எடுத்து ஒவ்வொன்றையும் தொழிலாளியின் ஒரு குணத்தோடு இணைக்கிறார். ஆலோசனை என்ற கொடை, கற்றதை ஒளிக்காமல் அடுத்தவருக்குச் சொல்லித்தரச் செய்கிறது. திடம் சோம்பலை உதறவைக்கிறது. இறைப்பற்று என்ன செய்கிறது? யாருக்காக, எவ்வளவு, என்ன கூலிக்குச் செய்கிறோம் என்பதற்கு வரம்பு கட்டி, பேராசை நுழையாமல் காக்கிறது. பக்தியைக் கூலிக்கணக்கில் கொண்டுவந்து வைக்கும் இந்த இடம் என்னை மிகவும் ஈர்த்தது. இவ்வளவு உயரத்தில் பேசிவிட்டு அடுத்த பக்கத்திலேயே அவர் பட்டறைக் கட்டடத்துக்கு வந்துவிடுகிறார்: சாளரம் எங்கே, உலை எங்கே, ஆட்டுக்கடாத் தோலில் துருத்தி எப்படி, பட்டறைக்கல், சுத்தியல், குறடு, கம்பி இழுக்கும் அச்சு. இரும்புக் கருவிக்கு உரமேற்ற, பெரணிச் செடி தின்னக் கொடுத்த ஆட்டின் சிறுநீரைப் பரிந்துரைக்கிறார். நூலில் இப்படிப்பட்ட கேள்விவழிச் சரக்கும் உண்டு. ஆனால் கையால் செய்து பார்த்தவற்றைச் சொல்லும்போது அவர் குரல் மாறிவிடுகிறது. அளவு, பதம், வரிசை எல்லாம் துல்லியமாகிவிடும்.

தூபக்கலசத்துக்கு அவர் இரண்டு அத்தியாயம் ஒதுக்குகிறார். ஒன்று தகட்டைத் தட்டி எழுப்பிச் செய்வது. மற்றது மெழுகு வார்ப்பு. வார்ப்புக் கலசத்துக்கு அவர் சொல்லும் வடிவம், இறைவாக்கினர் மலைமேல் கண்ட நகரம். எசேக்கியேலின் காட்சியையும் திருவெளிப்பாட்டின் புதிய எருசலேமையும் ஒன்றாகக் கட்டிய நகரம் அது. பக்கத்துக்கு மூன்றாகப் பன்னிரண்டு வாயில்கள். மேற்பாதியில் திருத்தூதர்கள், கீழ்ப்பாதியில் இறைவாக்கினர்கள். எந்தத் திருத்தூதருக்குக் கீழே எந்த இறைவாக்கினர் என்பதும் இருவர் சாட்சியும் பொருந்தும்படி அமைய வேண்டும். கோபுரங்களில் கேடயமும் ஈட்டியும் ஏந்திய வானதூதர்கள், மதிலைக் காவல் காப்பவர்களைப் போல. உச்சியில் செம்மறி.

ஏன் நகரம்? திருவெளிப்பாட்டில் புதிய எருசலேமுக்குக் கதிரவனும் நிலவும் தேவையில்லை. செம்மறியே அதன் விளக்கு. உள்ளே ஒளியுள்ள நகரம், வெளியே திறந்திருக்கும் வாயில்கள். கரி கனலும் ஒரு கோளத்துக்கு இதைவிடப் பொருத்தமான உருவத்தை என்னால் எண்ண முடியவில்லை. நெருப்புக்குத் துளை வேண்டும், நகரத்துக்குச் சாளரம் வேண்டும். புகை வெளியேற வேண்டும், மன்றாட்டு மேலே ஏற வேண்டும். இரண்டு தேவையையும் ஒரே வெட்டு நிறைவேற்றுகிறது.

இதில் மூன்றாவது ஒரு பயனும் இருக்கிறது. வார்ப்பு வேலை தெரிந்தவர்களுக்கு அது உடனே புலப்படும். முதலில் களிமண்ணால் உட்கரு செய்து காயவைக்கிறார்கள். ஈரப் பலகையில் இரண்டு சட்டங்களுக்கு நடுவே மெழுகை வைத்து, உருளையால் சீரான கனத்தில் தேய்த்து, அந்த மெழுகுத் தகட்டை உட்கருவின் மேல் போர்த்துகிறார்கள். மெழுகில்தான் கோபுரமும் வாயிலும் முகமும் பிறக்கின்றன. பிறகு வெளியே நுண்ணிய களிமண் பூச்சு, அதன்மேல் முரட்டுப் பூச்சு. காய்ந்ததும் சூடேற்றி மெழுகை வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்ற வேண்டும். மெழுகு போன பின் உட்கரு எதன் பிடிப்பில் நிற்கும்? அது ஒரு நூலளவு நகர்ந்தாலும் ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் ஓட்டையாகிவிடும். மெழுகிலேயே சாளரங்களை வெட்டிவிட்டால், வெளிக்களிமண் அந்தச் சாளரங்கள் வழியே உள்ளே புகுந்து உட்கருவோடு ஒட்டிக்கொள்கிறது. மெழுகு உருகிப் போன பிறகு அந்தக் களிமண் பாலங்களே உட்கருவைத் தாங்கிப் பிடிக்கின்றன. ஆக, சாளரம் இல்லாமல் அந்த நகரம் வார்ப்பிலேயே தேறாது. உலோகம் ஆறியபின் களிமண்ணைச் சுரண்டி எடுத்தால், பாலம் இருந்த இடமெல்லாம் காற்று நுழையும் வழி. எசேக்கியேலின் வாயிலும் கரியின் மூச்சும் வார்ப்புக்காரரின் தாங்கலும் ஒரே துளையில் சந்திக்கின்றன.

வார்த்தபின் அரம் போட்டு, நகாசு உளியால் கண்ணையும் சிறகையும் தெளிவாக்கிய பிறகு பொன்முலாம். பொன்னைப் பாதரசத்தில் கரைத்துக் களிம்பாக்கி, உலோகத்தின் மேல் பூசி, தணலில் காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகிப் போய்விடும், பொன் பிடித்துக்கொள்ளும். இந்த இடத்தில் தியோபிலஸ் நின்று எச்சரிக்கிறார்: வெறும் வயிற்றோடு இந்த வேலையில் இறங்காதீர்கள், பாதரச ஆவி பட்டினி வயிற்றுக்குப் பெருங்கேடு. நோன்பு நாட்கள் நிறைந்த மடத்து வாழ்க்கையில் இது வெறும் சம்பிரதாயப் பேச்சாக இருந்திருக்க முடியாது. முறிவுக்கு அவர் சொல்லும் சரக்குகள் கிச்சிலிக்கிழங்கு, லாரல் மரத்தின் பழம், மிளகு, பூண்டு, திராட்சை இரசம். மிளகு மலபார்க் கரையிலிருந்து கப்பலேறிப் போனது. கிச்சிலிக்கிழங்கும் ஆசியச் சரக்குதான். ஜெர்மன் மடத்தில் பொன் பூசிய துறவி, நம் பக்கத்து மலைச்சரிவில் விளைந்த காரத்தை நம்பி உலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். பாதரச நஞ்சுக்கு அவை மருந்தல்ல என்பது இன்று நமக்குத் தெரியும். அந்தப் பொன்முலாமின் ஒளிக்குப் பின்னால் நடுங்கிய கைகளும் கெட்டுப்போன ஈறுகளும் எத்தனையோ இருந்திருக்கும்; பாதரசம் மனித உடலுக்குச் செய்வது அதுதான்.

குறியீட்டை எழுதிவைத்த இன்னொரு கூட்டமும் இருந்தது: சடங்கு உரையாசிரியர்கள். 9ஆம் நூற்றாண்டில் மெட்ஸ் நகர அமலாரியுஸ், தூபக்கலசம் கிறிஸ்துவின் உடல், உள்ளிருக்கும் நெருப்பு தூய ஆவி என்றார். 12ஆம் நூற்றாண்டில் ஹொனோரியுஸ், 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மாண்ட் நகர ஆயர் துராண்டுஸ் ஆகியோர் இதை விரித்துக்கொண்டே போனார்கள். திருக்கிண்ணம் கல்லறை, அதன்மேல் வைக்கும் அப்பத்தட்டு கல்லறையை மூடிய கல். தூபக்கலசத்தின் சங்கிலிகளுக்கும் விளக்கம் உண்டு: நான்கு என்றால் உடலை ஆக்கிய நான்கு பூதங்கள், மூன்று என்றால் உடலும் ஆன்மாவும் இறைவார்த்தையும், ஒன்று என்றால் அதற்கும் ஒரு பொருள்.

இந்தச் சங்கிலி விளக்கங்களை நான் அவ்வளவு மதிக்கவில்லை. எத்தனை சங்கிலி இருந்தாலும் ஏதோ ஒரு பொருள் கிடைத்துவிடும் என்றால், அந்தப் பொருள் சங்கிலியிலிருந்து வரவில்லை, உரையாசிரியரின் மேசையிலிருந்து வருகிறது. அமலாரியுஸின் பழைய விளக்கம் அப்படியல்ல. உடலுக்குள் நெருப்பு, நெருப்பிலிருந்து நறுமணம் என்று அவர் பாத்திரத்தின் இயக்கத்தைப் பார்த்துப் பேசுகிறார். கொல்லர்களும் அந்த வழியில்தான் போனார்கள்.

ட்ரியர் பேராலயக் கருவூலத்தில் இருக்கும் கலசம் இதற்குச் சான்று. ஏறத்தாழ 1100ஐ ஒட்டியது. கோஸ்பெர்ட் என்ற பெயரைத் தாங்கியது. உச்சியில் அரியணையில் சாலமோன். கீழே ஆபேல் தன் ஆட்டுக்குட்டியோடு. அப்பமும் இரசமும் அளித்த மெல்கிசெதேக்கு. மகனைப் பலியிடத் துணிந்த ஆபிரகாம். எல்லாரும் பழைய ஏற்பாட்டினர், எல்லாரும் பலியோடு தொடர்புடையவர்கள். கலசத்தின் மேல் கிறிஸ்துவின் உருவம் இல்லை, இருக்கவும் வேண்டியதில்லை. கலசம் எந்தப் பீடத்தை நோக்கி வீசப்படுகிறதோ, அந்தப் பீடத்தில் அப்போது நடக்கும் திருப்பலிதான் இந்த முன்னோர் சுட்டும் நிறைவு. காட்சியின் பாதி உலோகத்தில், மறுபாதி சடங்கில். கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் பார்க்கும் நமக்குப் பாதிதான் தெரிகிறது.

கையில் ஆடிய அதே நகரம் தலைக்கு மேலும் தொங்கியது. ஹில்டஸ்ஹைம் பேராலயத்தில் 11ஆம் நூற்றாண்டில் ஆயர் ஹெசிலோ தொங்கவிட்ட வட்ட விளக்கு பன்னிரண்டு வாயில்களும் பன்னிரண்டு கோபுரங்களும் கொண்ட மதில். மதில்மேல் 72 மெழுகுவர்த்திகள். ஆஹன் நகரில் பேரரசர் பார்பரோசாவும் அவர் மனைவி பியாட்ரிசும் கொடுத்த விளக்கில் 48 மெழுகுவர்த்திகள், 16 கோபுரங்கள். எட்டு வளைவுகளாக அமைந்த அதன் வட்டம், அது தொங்கும் எண்கோண ஆலயத்தையே திரும்பச் சொல்கிறது. கோபுரங்களின் அடித்தகடுகளில் கிறிஸ்துவின் வாழ்க்கையும் மலைப்பொழிவின் பேறுகளும் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைப் பார்க்க வேண்டுமானால் விளக்குக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். வேறெங்கிருந்தும் தெரியாது.

பார்க்கும் கோணத்தையும் நேரத்தையும் சடங்கே முடிவுசெய்யும்படி அலங்காரத்தை வைப்பது இந்தக் கொல்லர்களின் பழைய வழக்கம். அயர்லாந்தின் லிமெரிக் மாவட்டத்தில், ஆர்டா என்ற ஊரருகே 1868இல் உருளைக்கிழங்கு தோண்டியபோது கிடைத்த 8ஆம் நூற்றாண்டுத் திருக்கிண்ணத்தில் 350க்கும் மேற்பட்ட உறுப்புகள் இருக்கின்றன. வெள்ளிக் கிண்ணத்தின் விளிம்புக்குக் கீழே, புள்ளியிட்ட பின்புலத்தில் திருத்தூதர்களின் பெயர்கள். எழுத்துகள் மிக மெல்லியவை, அருகில் போனால்தான் தெரியும். பொன்கம்பி வேலை அதற்கு மேலே ஒரு பட்டையாக ஓடுகிறது. எல்லாவற்றையும் விட வியப்பு அடிப்பாகம். பாதத்தின் அடியில், மேசைமேல் வைத்தால் யாருக்குமே தெரியாத இடத்தில், ஒரு பெரிய படிகக்கல்லைப் பதித்து அதைச் சுற்றிப் பொன்வேலை செய்திருக்கிறார்கள். கிண்ணத்தைத் தூக்கிச் சாய்க்கும்போது மட்டும் அது கண்ணுக்குப் படும்.

இத்தனை செல்வத்தை ஆலயத்தில் கொட்டலாமா என்ற கேள்வி அந்தக் காலத்திலேயே சூடாக எழுந்தது. 1125 வாக்கில் கிளேர்வோ மடாதிபதி பெர்னார்ட், ஆலயச் சுவர்கள் பொன்னால் மூடப்பட்டிருக்க ஏழைகள் ஆடையின்றி நிற்கிறார்கள் என்று கடுமையாக எழுதினார். அவர் சார்ந்த சிஸ்டெர்சியன் துறவியரின் விதிகள் சிலுவை மரத்தில் இருக்கட்டும், விளக்குத்தண்டு இரும்பில் இருக்கட்டும், தூபக்கலசம் செம்பிலோ இரும்பிலோ இருக்கட்டும் என்றன. திருக்கிண்ணத்துக்குப் பொன்முலாம் பூசிய வெள்ளியை அனுமதித்தன. பெர்னார்டின் கோபம் நியாயமானது. பசித்தவரின் பங்கு அந்தப் பொன்னில் இருந்தது என்பதை யாரும் மறுக்க முடியாது.

எதிர்த்தரப்பில் நின்றவர் பாரிசை அடுத்த சாந்தெனி மடத்தின் அதிபதி சுஜே (1122–1151). வெள்ளாட்டின் இரத்தத்தை ஏந்தவே பழைய ஏற்பாட்டில் பொற்பாத்திரம் வேண்டியிருந்தது என்றால், கிறிஸ்துவின் இரத்தத்துக்கு எது மிகை என்பது அவருடைய வாதம். மாபெரும் பொற்சிலுவை ஒன்றுக்குக் கற்கள் போதாமல் அவர் தவித்தபோது, மூன்று மடத்துத் துறவிகள் தங்களுக்குக் காணிக்கையாக வந்த மணிகளை விற்க வந்தார்கள். 400 பவுண்டுக்கு வாங்கினேன், அவற்றின் மதிப்பு அதைவிட மிக அதிகம் என்று மகிழ்ச்சி பொங்க எழுதியிருக்கிறார். விற்ற மூன்று மடங்களில் ஒன்று சீத்தோ. பெர்னார்டின் சபைக்கே தாய்மடம். அவர்களுக்கு மணிகள் வேண்டாம், இவருக்கு வேண்டும். அந்தக் காசு ஏழைகளைச் சேர்ந்திருந்தால், இரு தரப்பும் ஒரே பேரத்தில் தத்தம் கொள்கையைக் காப்பாற்றிக்கொண்டார்கள் என்றே சொல்ல வேண்டும்.

சிலுவையின் வேலைக்கு லொரேன் பகுதியிலிருந்து பொற்கொல்லர்கள் வந்தார்கள். சில நாள் ஐந்து பேர், சில நாள் ஏழு பேர், ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். மீட்பரின் வரலாற்றையும் அதற்கு ஒப்பான பழைய ஏற்பாட்டு நிகழ்வுகளையும் தாங்கிய தூண்மேல் அந்தச் சிலுவை நின்றது. பொன் என்பதாலேயே அது பிழைக்கவில்லை. சாந்தெனிக் கருவூலத்தின் பெரும்பகுதி பிற்காலப் போர்களிலும் பிரெஞ்சுப் புரட்சியிலும் சிதைந்து, உருகி, நாணயமாகிப் போயிற்று. சுஜேயின் திருக்கிண்ணம் தப்பியது. பழங்கால அலெக்சாந்திரியாவில் குடைந்த மணிக்கல் கிண்ணத்துக்கு அவருடைய கொல்லர்கள் பொன்முலாம் பூசிய வெள்ளியில் விளிம்பும் பாதமும் கட்டியது அது. 1804இல் பாரிசில் களவுபோய், இன்று வாஷிங்டன் தேசிய கலைக்கூடத்தில் இருக்கிறது.

தியோபிலஸ் வெள்ளியிலும் பொன்னிலும் செய்யச் சொன்னவை அநேகமாக அழிந்தன. செம்பிலும் பித்தளையிலும் வார்த்தவை உருக்குவதற்குத் தகுந்த விலை இல்லாததால் எஞ்சின. லீல் கலசமும் ட்ரியர் கலசமும் அந்த வகை. சுஜேயின் சிலுவையின் சாயலை இன்று ஓரளவாவது கண்ணால் காண முடிவது பிரான்சின் சாந்தொமேர் அருங்காட்சியகத்தில். அங்கே, சான்பெர்தேன் மடத்திலிருந்து வந்த 12ஆம் நூற்றாண்டுச் சிலுவைப் பீடம் ஒன்று இருக்கிறது. பொன்முலாம் பூசிய வெண்கலம், எனாமல் பதித்தது. அடியில் நான்கு நற்செய்தியாளர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். மேலே தூணின் பக்கங்களில் பழைய ஏற்பாட்டுக் காட்சிகள் வண்ண எனாமலில் மின்னுகின்றன. சுஜேயின் பெருஞ்சிலுவையை மனத்தில் வைத்துச் சிறிய அளவில் செய்தது என்று கருதப்படுகிறது. அதன் உயரம் முழங்காலைக்கூட எட்டாது.